கல்லறை மேல் நின்ற போதகரும் ஈக்காட்டுத் தரிசு நிலமும்

(ஆவடியில் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்க காலத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய ஆலயத்தைப் பார்க்கப் போனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். இதைக் கிறித்தவர்களுக்கு மட்டுமான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மேற்குப் புறநகரில் நிலம் யாருக்குக் கிடைத்தது, யார் கையை விட்டுப் போனது என்ற கதையும் இதற்குள் இருக்கிறது. பழைய ஆலயத்துக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், வண்ணக் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், சுவரில் பதித்த பளிங்குக் கல்லைப் படிக்கிறார்கள். நம் பக்கத்து மெதடிஸ்ட் ஆலயங்களின் வரலாற்றில் பாதிதான் சுவரில் இருக்கிறது. மறு பாதி தாலுகா அலுவலக நிலப் பதிவேட்டில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் கொஞ்சம் தூரம் போய்வருவோம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே எப்வொர்த் என்ற சிறிய ஊர். ஊர் நடுவே புனித அந்திரேயா ஆலயம். சாமுவேல் வெஸ்லி என்பவர் அங்கே ஏறத்தாழ 40 ஆண்டுகள் குருவாக இருந்தார். அவருக்கும் சூசன்னா அம்மையாருக்கும் பிறந்த பிள்ளைகள் 19 பேர். ஏறத்தாழப் பாதிப் பேர் பிள்ளைப் பருவத்தைத் தாண்டவில்லை. பிழைத்தவர்களில் ஒருவர்தான் 1703இல் பிறந்து, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1709 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் அந்தக் குருமனை தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் மாட்டிக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பிள்ளையைத் தூக்கினார்கள். கூரை இடிந்து விழுந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தீ விபத்தை வெஸ்லி வரலாறு எழுதிய எல்லோரும் சொல்வார்கள். நமக்கு அதைவிட நெருக்கமான செய்தி ஒன்று அதே வீட்டில் நடந்தது. 1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் வெஸ்லி திருச்சபைக் கூட்டத்துக்காக லண்டன் போயிருந்தார். ஊரில் ஒரு துணைக் குரு இருந்தார். அவர் பிரசங்கம் எடுபடவில்லை. அந்த நாளில் வீட்டு நூலகத்திலிருந்து மகள் எமிலியா ஒரு புத்தகத்தை எடுத்து வந்து தாய்க்குப் படித்துக் காட்டினாள். அது டென்மார்க் அரசரின் ஆதரவில் கிழக்கே போன இரண்டு இளைஞர்களின் கடிதத் தொகுப்பு. அந்த இளைஞர்கள் யார் தெரியுமா? சீகன்பால்குவும் புளூட்சோவும். கடிதம் எழுதிய ஊர் தரங்கம்பாடி.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கு, மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அவருடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709இலிருந்து லண்டனில் அச்சாயின. மகள் படிக்க அவற்றைக் கேட்ட சூசன்னா அம்மையார் பல நாள் வேறெதையும் எண்ண முடியாமல் இருந்தார். நான் ஆணுமல்ல, குருவுமல்ல; ஆனாலும் என்னால் இயன்றது ஏதாவது இருக்குமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. முதலில் தம் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஞாயிறு மாலையில் வீட்டுக்குள் நடந்த ஜெபத்துக்கு வேலைக்காரர்கள் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். முப்பது நாற்பது பேராக இருந்த கூட்டம் ஜனவரி முடிவதற்குள் இருநூறைத் தாண்டியது. இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள்.

துணைக் குரு லண்டனுக்குப் புகார்க் கடிதம் போட்டார். ஒரு பெண் பொதுக் கூட்டம் நடத்துவதா என்று கணவரும் தயங்கி எழுதினார். சூசன்னா அம்மையார் 1712 பிப்ரவரியில் எழுதிய மறுமொழிகள் இன்றும் இருக்கின்றன. எப்படித் தொடங்கியது என்று சொல்லும் இடத்தில் தரங்கம்பாடிப் போதகர்களின் கதையைக் குறிப்பிடுகிறார். நிறுத்த வேண்டும் என்று நினைத்தால் விருப்பமாகச் சொல்லாதீர்கள், கட்டளையாகவே எழுதி அனுப்புங்கள். இத்தனை பேருக்கு நன்மை செய்யும் வாய்ப்பைக் கைவிட்ட பொறுப்பு கடவுளுக்கு முன் என் மேல் இருக்கக் கூடாது என்று கணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கட்டளை வரவில்லை. கூட்டம் தொடர்ந்தது. அப்போது ஜானுக்கு எட்டு வயது.

நண்பர்களே, மெதடிஸ்ட் இயக்கம் ஆங்கிலேயர் கப்பலில் இங்கே வந்திறங்கிய சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. கப்பலில் வந்தது உண்மைதான். ஆனால் அந்த இயக்கத்தின் தாய் என்று வரலாறு அழைக்கும் ஒரு பெண்மணிக்கு முதல் தூண்டுதல் காவிரிக் கடைமுகத்து ஊர் ஒன்றிலிருந்து போயிருக்கிறது. தரங்கம்பாடிக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. அங்கே கோட்டையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எப்வொர்த் ஆலயத்துக்குப் போகிறவர்கள் தேடிப் பார்க்கும் இடம் சாமுவேல் வெஸ்லியின் கல்லறை. பெரிய பலகைக் கல் ஒன்றைப் படுக்கை வாட்டில் வைத்த மேடை அது. 1742 ஜூன் மாதம், தந்தை இறந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு, ஜான் வெஸ்லி சொந்த ஊருக்கு வந்தார். அதற்குள் அவர் நாடறிந்த பேச்சாளர். 1739இலேயே பிரிஸ்டல் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே திறந்த வெளியில் பேசத் தொடங்கிவிட்டவர். ஞாயிறு ஆராதனையில் உதவட்டுமா என்று அவ்வூர்க் குருவிடம் கேட்டார். குரு இடம் கொடுக்கவில்லை. தந்தை நாற்பதாண்டு நின்ற பிரசங்க பீடத்தில் மகனுக்கு இடமில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு ஜான் வெஸ்லி ஆலயத்துக்கு வெளியே வந்து, தந்தையின் கல்லறை மேல் ஏறி நின்று பேசினார். எப்வொர்த் அதற்கு முன் கண்டிராத கூட்டம். அந்த வாரம் முழுக்க மாலைதோறும் அதே கல் மேல் நின்று பேசினார்.

உள்ளே இடம் மறுக்கப்பட்டவர்கள் வெளியே கூடிய இயக்கம் இது. அவர்கள் வழிபாட்டு முறையைவிடவும் நான் மதிப்பது அவர்கள் ஏற்படுத்திய சிறு கூட்டங்களை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வகுப்பு. வாரம் ஒரு பென்னி காசு. வகுப்புக்கு ஒரு தலைவர். அவர் செருப்புத் தைப்பவராக இருக்கலாம், நெசவாளியாக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். வாரந்தோறும் ஒவ்வொருவர் நிலையையும் கேட்டறிவது அவர் வேலை. படிக்காதவர் படித்தார், வாய் திறவாதவர் பேசினார், காசு வாங்கியவர் கணக்கு எழுதிக் காட்டினார். பின்னாளில் இங்கிலாந்துத் தொழிற்சங்கங்களில் இருந்த பலருக்கு இதுதான் பள்ளிக்கூடம். வெஸ்லி 1774இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்துத் தனிநூல் எழுதினார். 1791இல் சாவதற்குச் சில நாள் முன்பு அவர் எழுதிய கடிதமும் அடிமை முறையை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத்தான்.

கட்டடம் பிறகு, கூடுவது முதலில். இது நமக்குப் புதியதல்ல. இந்த ரயில் பாதையிலேயே இருக்கும் திருநின்றவூரில் பூசலார் நாயனார் கோயில் கட்டப் பொருளில்லாமல் மனத்திலேயே கல் எடுத்து, மனத்திலேயே மதில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்கோயிலை விட்டுவிட்டு இறைவன் இங்கே வந்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு மெதடிஸ்டுகளின் வகுப்பை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்காது.

இனி கடல் தாண்டி வருவோம். தாமஸ் கோக் என்பவர் வெஸ்லியின் வலக்கை. ஆசியாவுக்குப் போதகர்களை அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டபோது சபையில் பணமில்லை என்றார்கள். தம் சொந்தச் சொத்திலிருந்து தருகிறேன் என்று எழுந்து நின்றார். ஆறு இளம் போதகர்களோடு 1813 டிசம்பர் கடைசியில் கப்பல் ஏறினார். 66 வயது. 1814 மே மாதத் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஒரு காலை, கப்பல் அறையில் உயிரில்லாமல் கிடந்தார். உடலைக் கடலில் இறக்கிவிட்டு, மற்றவர்கள் ஜூன் 29 அன்று இலங்கையின் காலித் துறைமுகத்தில் கரையேறினார்கள். அவர்களில் வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார். எட்டே மாதத்தில் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்று மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள்.

யாழ்ப்பாணத்தை நான் ஒரே ஒரு காரணத்துக்காக நின்று பார்க்க விரும்புகிறேன். அங்கே பின்னால் வந்த பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன், அதாவது வெஸ்லி வழி மெதடிஸ்ட், போதகரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அவர் சைவத்தை விடவில்லை. அங்கே கற்ற முறைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பொதுமக்களைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்தார். பிறகு பள்ளி, அச்சகம், வசன நடை. தமிழில் ஒருவர் நின்றுகொண்டு பேச, பல சாதிக்காரர் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் மேடைப் பேச்சு வளர்ந்த வழியில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பெரிய இடமுண்டு. இப்போது நான் பேசுவதும் நீங்கள் கேட்பதும் அந்த வரிசையில் வருவதுதான். எதிர்த்து நின்றவருக்கும் கருவி கொடுத்த பள்ளியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சென்னைக்கு வந்தவர் லிஞ்ச். ஐரிஷ்காரர். 1817இல் வந்தார். சென்னையில் ஏற்கெனவே சிலர் கூடி வெஸ்லியின் பிரசங்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் ஒரு போதகரை அனுப்பக் கேட்டவர்கள். இங்கேயும் கூட்டம் முதலில், கட்டடம் பிறகு. 1819இல் ராயப்பேட்டையில் வெஸ்லி ஆலயம் திறந்தார்கள். 1822இல் பிராட்வேயில் இன்னொன்று. அடுத்து வந்த போதகர் எலைஜா ஹூல் ஏறிய கப்பலின் பெயரே ‘தஞ்சாவூர்’. 1820 செப்டம்பரில் இலங்கைக் கரையை நெருங்கும்போது இடி விழுந்து கப்பல் எரிந்தது. புத்தகம், உடைமை எல்லாம் போய், படகில் தப்பிக் கரை சேர்ந்தார். வந்த கையோடு தமிழ் கற்று, தமிழ் விவிலியத் திருத்தத்தில் பங்கேற்கும் அளவுக்குத் தேர்ந்தார்.

முதல் சில பத்தாண்டுகள் இந்தச் சபைகளில் ஆங்கிலம் பேசுவோரும் ஆங்கிலோ இந்தியரும் படைவீரரும் மிகுதி. அந்த நாளில் பரங்கிமலையும் பூந்தமல்லியும் படை முகாம்கள். கண்டோன்மென்ட் என்ற பெயர் பூந்தமல்லியில் இன்றும் வழங்குகிறதல்லவா, அந்தக் காலத்து மிச்சம்தான் அது. இந்தப் பகுதியை நான் விரைவாகக் கடக்கிறேன். நம் கதை தொடங்குவது ரயிலோடும் பஞ்சத்தோடும்தான்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று நீங்கள் தினமும் போய்வரும் இதே தடம். இருபது ஆண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். முதலில் செத்தவர்கள் நிலமில்லாதவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமில்லாதவர் என்றால் பெரும்பாலும் சேரிக்காரர். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் தனியானது. அதற்கு முன் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பஞ்சத்துக்குப் பிறகு சேரி சேரியாக மக்கள் மிஷன் கதவைத் தட்டினார்கள். திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷன் வேரூன்றியது. பள்ளி, விடுதி, மருத்துவமனை, ஆலயம். அங்கே 1880களில் வந்து சேர்ந்தவர் போதகர் வில்லியம் கவுடி. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் பிறந்தவர். திருவள்ளூரில் அவர் பெயரில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

கவுடியிடம் மக்கள் என்ன கேட்டார்கள்? ஜெபம் கேட்டார்கள், பள்ளி கேட்டார்கள். கூடவே நிலம் கேட்டார்கள். இந்த வரிசையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலக் கேள்வியை மிஷனரி கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. சேரிதான் அதை அவர் முன் கொண்டுபோய் வைத்தது. மிஷன்களுக்குள்ளேயே பலர் தயங்கினார்கள். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று பேச்சு வரும், ஆத்துமாவைப் பற்றி மட்டும் பேசுவோம் என்றவர்கள் உண்டு. கவுடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் தயங்கவில்லை.

நிலைமை எப்படி இருந்தது என்று ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். தானியக் கூலிக்கு நிலக்காரரிடம் கட்டுண்டு உழைக்கும் படியாள் ஒருவர், சேரியில் இருப்பவர். ஊருக்கு வெளியே தரிசு கிடக்கிறது. தீர்வை கட்டுகிறேன், எனக்குக் கொடுங்கள் என்று தாசில்தாருக்குத் தரக்காஸ்து மனு போட வேண்டும். எழுதத் தெரியாது, சபையின் உபதேசியார் எழுதிக் கொடுக்கிறார். மனு போன சேதி ஊருக்குள் வருகிறது. தரிசின் மேல் ஊர் நிலக்காரரான மிராசுதாருக்கு முதல் உரிமை உண்டு என்பது வழக்கம். அவர் உடனே எனக்கு வேண்டும் என்கிறார். அல்லது ஊர்க் கணக்கரான கர்ணம் அதை மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதுகிறார். அது மட்டுமா? படியாள் குடியிருக்கும் குடிசை நிற்கும் இடமே மிராசுதாருடையது. மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்கிறார். பாட்டன் வாங்கிய கடனுக்குச் சீட்டை எடுத்துக் காட்டுகிறார். அறுவடைக் களத்தில் படி அளப்பது நின்றுவிடுகிறது. சட்டப்படி அந்த மனிதர் சுதந்திரர். தன் பேரில் ஒரு அடி மண் வாங்க முடியாத சுதந்திரர்.

கவுடியும் ஆண்ட்ரூவும் ஊர் ஊராகச் சேர்த்த இத்தகைய வழக்குகளைச் சென்னை மிஷனரி மாநாட்டில் வைத்தார்கள். அரசுக்கு விண்ணப்பம் போனது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி விரிவான குறிப்பு எழுதினார். மேலதிகாரிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை; மிகைப்படுத்துகிறார் என்றார்கள். ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கெனத் தரிசு நிலம் ஒதுக்க அதுதான் வழி திறந்தது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற நிபந்தனைகள் பின்னால் உறுதிப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

இந்தப் பெருமையைக் கவுடி, ஆண்ட்ரூ என்ற இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் எழுதிவைத்தால் அது பொய்யாகும். ஒடுக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுத்த அயோத்திதாசப் பண்டிதரும் போதகர் ஜான் ரத்தினமும் 1885லேயே ‘திராவிட பாண்டியன்’ இதழ் நடத்தியவர்கள். டிரெமென்கீர் குறிப்பு எழுதிய அதே 1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளை அரசுக்கு அனுப்பினார் பண்டிதர். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து இதழ் தொடங்கினார். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா படித்தது ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் உயர்நிலைப் பள்ளியில்தான். சென்னைச் சட்டமன்றத்துக்குள் ஒடுக்கப்பட்டோரின் முதல் குரலாகப் போனவர் அவர். 1922இல் ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றது அவர் முயற்சியால். லிஞ்ச் திறந்த ஆலயத்தின் பக்கத்துப் பள்ளிக்கூடப் பெஞ்சிலிருந்து சட்டமன்றம் வரை ஒரு கோடு போடலாம்; நான் வலிந்து போடுவதல்ல அது.

அந்த ஆலயங்களுக்குள் சாதி ஒழிந்துவிட்டதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். ஒழியவில்லை. சபைத் தேர்தலிலும் திருமணப் பேச்சிலும் இன்றும் எட்டிப் பார்க்கிறது. அதை மறைத்து ஆலயப் பெருமை பேசுவது வெஸ்லிக்கும் நியாயமல்ல, ஈக்காட்டுச் சேரியிலிருந்து மனு எழுதி வந்த மனிதருக்கும் நியாயமல்ல.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, சுருக்கமாக சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கர், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகளோடு வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் அதில் கலந்தார்கள். அதனால்தான் ராயப்பேட்டையிலும் ஈக்காட்டிலும் இன்று பலகையில் சி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. அமெரிக்கா வழியாக வந்த மெதடிஸ்டுகள் இந்த இணைப்பில் சேரவில்லை. அது தனிச் சபை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிறகு நம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. 1955இல் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தன. கிராமத்துப் பிள்ளைகள் அங்கே ஃபிட்டரானார்கள், டர்னரானார்கள், குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். நம் ஊர்களில் பல குருசேகரங்கள் இப்படி வந்தவர்களின் வீட்டு ஜெபக் கூட்டத்தில்தான் தொடங்கின. ஆனால் தொழிற்சாலை வந்ததும் நிலத்துக்கு விலை வந்தது. ஏக்கர் என்று எழுதியது சென்ட் ஆனது, கிரவுண்ட் ஆனது. நிபந்தனை போட்ட பஞ்சமி நிலம் தமிழகம் முழுவதும் கை மாறியது. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 1994 அக்டோபர் 10 ஒன்று போதும். காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். டிரெமென்கீர் குறிப்பு எழுதி நூறாண்டு கழித்து, அதே மாவட்டத்தில், அதே நிலத்துக்காக.

ஆகவே ஈக்காட்டுக்கோ ராயப்பேட்டைக்கோ போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்? சுவர்க் கல்வெட்டைப் படியுங்கள், தவறில்லை. பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். மிஷன் காலத்துப் பதிவேட்டில் வழக்கமாக நாள், பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்த போதகர் என்று கட்டங்கள் இருக்கும். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். தாத்தா காலத்தில் கூலி, மகன் காலத்தில் உபாத்தியாயர், பேரன் காலத்தில் கம்பவுண்டரோ ரயில்வே ஊழியரோ. ஒரு குடும்பம் எழுந்து நின்ற கதையை வேறெந்த அரசாங்கப் புத்தகமும் இவ்வளவு நேராகச் சொல்லாது. மாறாமல் கூலி, கூலி, கூலி என்றே இறங்கும் குடும்பங்களும் இருக்கும். அவற்றையும் பாருங்கள், ஏன் மாறவில்லை என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் கல்லைத் தாண்டி உள்ளே போங்கள். பெயர் தேய்ந்துபோன உபதேசியார் கற்கள் அங்கேதான் இருக்கும். மனு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

முடிக்கும் முன் மூன்று கோரிக்கைகள். சபைக் கமிட்டியில் இருப்பவர்களே, உங்கள் பழைய பதிவேடுகளை ஆயரிடம் அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். செல்லரித்த பிறகு அழுது பயனில்லை. பெரியவர்களே, உங்கள் தாத்தா எந்தச் சேரியிலிருந்து வந்தார், யார் மனு எழுதினார், எந்த நிலம் கிடைத்தது என்பதைப் பேரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் சொந்த கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்துக்கு மனு போடுங்கள். ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் எந்தெந்தப் புல எண்களில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று இரண்டே கேள்வி போதும். எழுதத் தெரியாதவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.